காசு கொடுத்து வாங்கிய படத்துக்கு எதற்கு எல்லைக்கோடு?

டொரன்டோ கடையில் ரசீதோடு வாங்கிய ஹாலிவுட் டிவிடி ஒன்று, சென்னை வீட்டு பிளேயரில் ஓட மறுக்கலாம். வட்டில் கீறல் இருக்காது. பிளேயரிலும் பழுது இருக்காது. வட்டுக்குள் பதிந்திருக்கும் ஒரு சிறு குறியீடு, இது இந்தியாவுக்கான வட்டு இல்லை என்று பிளேயரிடம் சொல்லிவிடுகிறது. ‘ரீஜன் கோடு’ எனப்படும் இந்த ஏற்பாடு இதுவரை ஒரு சின்ன எரிச்சலாகவே இருந்துவந்தது. வட்டுகளும் அவற்றை ஓட்டும் கருவிகளும் சந்தையிலிருந்து மறைந்துவரும் இன்றைய நிலையில், அலமாரியில் இருக்கும் படங்களை இனிப் பார்க்க முடியுமா என்கிற கேள்வியாக அது வளர்ந்திருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் தபால் வழியாக டிவிடி அனுப்பிவந்த சேவையை 2023 செப்டம்பரில் மூடியது. அந்நாட்டின் பெரிய மின்னணுக் கடைத்தொடரான பெஸ்ட் பை, 2024இல் பட வட்டுகளின் விற்பனையைக் கைவிட்டது. எல்ஜி நிறுவனம் அதே ஆண்டில் புளூ-ரே பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகியது. இருக்கும் பிளேயர் பழுதானால் மாற்றுக் கருவி கிடைப்பதே சிரமமாகிவிட்டது. வெளிநாட்டில் வாங்கிய வட்டு என்றால், அதற்கு ஒத்துப்போகும் கருவியைத் தேடுவது அதைவிடச் சிரமம்.

உலகம் எட்டாகப் பிரிந்தது

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கருவித் தயாரிப்பாளர்களிடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தன. உலகத்தைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதிக்காக அச்சிட்ட வட்டு இன்னொரு பகுதியில் விற்கும் பிளேயரில் ஓடக் கூடாது என்பதே அது.

அதன்படி அமெரிக்காவும் கனடாவும் 1ஆம் பகுதி ஆயின. மேற்கு, மத்திய ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு, எகிப்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை 2ஆம் பகுதி. தென்கிழக்கு ஆசியா, தென்கொரியா, தைவான், ஹாங்காங் 3ஆம் பகுதி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, லத்தீன் அமெரிக்கா 4ஆம் பகுதி. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஆகியவை 5ஆம் பகுதி. சீனா மட்டும் தனியாக 6ஆம் பகுதி. ஏழாவது எண் பிற்காலத் தேவைக்காக ஒதுக்கப்பட்டது. விமானங்களிலும் உல்லாசக் கப்பல்களிலும் திரையிடும் வட்டுகளுக்கு எட்டாவது எண்.

இந்தப் பிரிவினை தமிழர்களை நேரடியாகத் தொடுகிறது. சென்னையும் யாழ்ப்பாணமும் 5ஆம் பகுதி, சிங்கப்பூரும் கோலாலம்பூரும் 3, லண்டனும் பாரிஸும் 2, டொரன்டோ 1, சிட்னி 4. அண்ணன் கனடாவிலும், தங்கை லண்டனிலும், சித்தப்பா சிட்னியிலும், பெற்றோர் யாழ்ப்பாணத்திலுமாக வாழும் ஒரு குடும்பம், டிவிடி கணக்கில் நான்கு வெவ்வேறு உலகங்களில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளுக்கென்று வாங்கிவரும் கார்ட்டூன் டிவிடி ஊரில் ஓடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்ப் பட டிவிடிகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருந்ததில்லை. வெளிநாட்டுத் தமிழர்களை நம்பியே அந்த வியாபாரம் நடந்ததால், எல்லாப் பகுதிகளிலும் ஓடும்படியாகவே அவை பரவலாக வெளியிடப்பட்டன. பூட்டுப் போடாமலும் வட்டு விற்க முடியும் என்பதற்கு அந்த வியாபாரமே சான்று.

ஒரு பைட்டுக்குள் ஒரு பூட்டு

டிவிடி வட்டின் தொடக்கத்தில், படத்தைப் பற்றிய விவரங்கள் அடங்கிய ஒரு சிறு கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பில் ஒரே ஒரு பைட் இந்தப் பூட்டுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள். பகுதிக்கு ஒன்றாக எட்டும் எட்டுப் பகுதிகளுக்கு. பிட் 0 என்றிருந்தால் அந்தப் பகுதியில் ஓடலாம். 1 என்றிருந்தால் ஓடக் கூடாது.

1ஆம் பகுதிக்கு மட்டுமான வட்டில் முதல் பிட் 0, மற்ற ஏழும் 1. எட்டும் 0 என்றிருந்தால் வட்டு எங்கும் ஓடும். பேச்சு வழக்கில் ‘ரீஜன் ஜீரோ’, உறையில் ‘ரீஜன் ஆல்’ என்று குறிக்கப்படுவது இத்தகைய வட்டுதான். பூட்டிய வட்டின் பின்னட்டையில் சிறிய பூமிப் பந்துப் படமும் அதன் மேல் பகுதி எண்ணும் அச்சாகியிருக்கும்.

பிளேயருக்குள்ளும் அது விற்கப்படும் பகுதியின் எண் பதிந்திருக்கும். வட்டைப் போட்டதும் பிளேயர் இரண்டையும் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். படம் ஓடாது. இவ்வளவுதான் இதன் தொழில்நுட்பம்.

நகலெடுப்பதைத் தடுப்பது இந்தப் பைட்டின் வேலை இல்லை. அதற்கு ‘சிஎஸ்எஸ்’ என்ற தனியான மறையாக்க முறை இருக்கிறது. மறைத்த படத்தைத் திறக்கும் சாவி வேண்டுமென்றால் பிளேயர் நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும். பகுதிக் குறியீட்டை மதிக்க வேண்டும் என்பது அந்த உரிம ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் ஒன்று. அதாவது, உலகத்தை எட்டாகப் பிரித்த இந்தக் கோடுகளை எந்த நாட்டின் நாடாளுமன்றமும் போடவில்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் போட்ட கோடுகள் அவை.

ஆட்சியாளர்களும் இதற்கு விலக்கில்லை. 2009 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் வாஷிங்டன் சென்றபோது, அதிபர் ஒபாமா அவருக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடித் தொகுப்பைப் பரிசளித்தார். அவை 1ஆம் பகுதிக்கானவை என்பதால் லண்டனில் ஓடவில்லை என்று பிரிட்டிஷ் நாளிதழ்கள் எழுதின.

ஸ்டுடியோக்களின் கணக்கு

இந்த ஏற்பாட்டுக்கு ஸ்டுடியோக்கள் சொன்ன காரணங்களில் ஓரளவு நியாயம் இருந்தது. 1990களில் ஒரு ஹாலிவுட் படம் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் வெளியாகாது. அமெரிக்காவில் ஓடி முடித்த பிறகு, சில மாதங்கள் கழித்தே ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வரும். அதற்குள் அமெரிக்க டிவிடி வெளிநாடுகளுக்குப் போய்விட்டால் அங்குள்ள திரையரங்க வசூல் அடிபடும் என்று அவை அஞ்சின.

அடுத்தது உரிமை. ஒரே படத்தின் வீடியோ உரிமை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விநியோகஸ்தரிடம் இருக்கும். பக்கத்து நாட்டு வட்டு தடையின்றி உள்ளே வந்தால் உரிமைக்குப் பணம் கொடுத்தவர் நட்டப்படுவார்.

மூன்றாவது, அதிகம் வெளியே பேசப்படாதது, விலை. அமெரிக்காவில் வாங்கும் வட்டின் விலையை இந்தியாவில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். இங்கே குறைத்து விற்றால் அந்த வட்டு அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விடலாம். பூட்டு இருந்தால் நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கலாம். மோசர் பேர் நிறுவனம் இந்தியப் பட டிவிடிகளை 34 ரூபாய்க்கும் விசிடிகளை 28 ரூபாய்க்கும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, மலிவு விலை எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கூட்டத்தைக் கொண்டுவரும் என்பது தெரியவந்தது. ஏழை நாடுகளுக்குக் குறைந்த விலை சாத்தியமாவது பூட்டினால்தான் என்ற வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால், முதல் இரண்டு காரணங்களும் தேய்ந்துவிட்டன. பெரிய படங்கள் இன்று பல நாடுகளில் ஒரே வாரத்தில் திரைக்கு வருகின்றன. பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய படத்துக்குத் திரையரங்க வசூல் என்ற பேச்சே இல்லை. பல நாடுகளில் உள்ளூர் வட்டு விநியோகஸ்தர் கடையை மூடிவிட்டார். காரணம் போன பின்பும், வட்டில் அச்சான அந்த எட்டுப் பிட்டுகள் மாறவில்லை. அவற்றுக்குக் காலாவதித் தேதியும் கிடையாது.

இரண்டாவது தடை: 50ஆ, 60ஆ?

பகுதி எண் பொருந்தினாலும் படம் தெரியாமல் போகலாம். அதற்குக் காரணம் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை. பலர் இந்த இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வடஅமெரிக்காவும் ஜப்பானும் ‘என்டிஎஸ்சி’ முறையைப் பின்பற்றின. இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகள் ‘பேல்’ முறையைத் தேர்ந்தன. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது பேல் முறையே நிலைபெற்றது.

என்டிஎஸ்சி டிவிடியில் ஒரு சட்டகத்தில் 480 கோடுகள். நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள். பேல் டிவிடியில் 576 கோடுகள். நொடிக்கு 25 சட்டகங்கள். பேல் படத்தில் நுணுக்கம் சற்றுக் கூடுதல். என்டிஎஸ்சியில் வேகம் கூடுதல். திரை புதுப்பிக்கப்படும் எண்ணிக்கையில் சொன்னால், பேல் 50 ஹெர்ட்ஸ், என்டிஎஸ்சி 60 ஹெர்ட்ஸ்.

சினிமா எடுக்கப்படுவதோ நொடிக்கு 24 சட்டகங்களில். பேல் வட்டுக்கு மாற்றும்போது பெரும்பாலும் படத்தைச் சற்று விரைவுபடுத்தி 25 ஆக்கிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம், அதாவது 150 நிமிடப் படம், 144 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதுவும் வெட்டப்பட்டிருக்காது. ஆறு நிமிடம் வேகத்தில் கரைந்திருக்கும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பழகிய பாட்டைக் கேட்கும் காதுக்கு இது உடனே பிடிபடும்.

என்டிஎஸ்சியில் வேகம் மாறாது. சட்டகங்களை இரண்டு, மூன்று என மாற்றி மாற்றித் திரும்பக் காட்டிக் கணக்கை நேர்செய்வார்கள். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசான உதறல் தெரிவது இதனால்தான்.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பேல் நாடுகளில் விற்ற டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி வட்டுகளையும் ஓட்டும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்ற பிளேயர்களில் பல, பேல் வட்டைத் தொடாது. ஜப்பானும் பிரிட்டனும் ஒரே 2ஆம் பகுதிதான். டோக்கியோவில் வாங்கிய வட்டு லண்டனில் பெரும்பாலும் ஓடும். லண்டனில் வாங்கியது டோக்கியோவில் பெரும்பாலும் ஓடாது. இந்தியா பேல் நாடாக இருந்தும் தமிழ்ப் பட டிவிடிகள் பரவலாக என்டிஎஸ்சியில் வந்தன. அந்த முறையில் அச்சிட்ட வட்டுதான் இரு பக்கமும் செல்லுபடியாகும்.

விசிடி வட்டுகளில் பகுதிப் பூட்டு கிடையாது. ஆனாலும் அவற்றிலும் பேல், என்டிஎஸ்சி என்ற வேறுபாடு இருந்தது.

கணினியில் ஐந்து முறைதான்

தொலைக்காட்சியோடு இணைக்கும் பிளேயர் இல்லாதவர்கள் கணினியை நாடுகிறார்கள். பேல், என்டிஎஸ்சி தொல்லை கணினியில் இல்லை. திரை இரண்டையும் காட்டிவிடும். பகுதிப் பூட்டு மட்டும் அங்கேயும் காத்திருக்கிறது.

2000ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்பட்ட டிவிடி டிரைவ்களில் பூட்டு, மென்பொருளில் இல்லாமல் டிரைவின் உள்ளேயே பொருத்தப்பட்டது. பயனர் தன் பகுதி எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தில் எந்த எண் அமைகிறதோ அதிலேயே டிரைவ் உறைந்துவிடும். இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவினாலும் எண்ணிக்கை திரும்பாது. அது டிரைவின் நினைவகத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வட்டைப் போட்டதும் ‘பகுதியை மாற்றவா?’ என்று கணினி கேட்கும்போது யோசிக்காமல் ‘சரி’ என்று அழுத்துபவர், ஐந்தில் ஒன்றைச் செலவழித்துவிடுகிறார்.

பூட்டும் திறவுகோலும்

பூட்டு வந்த சூட்டிலேயே அதைத் திறக்கும் வழிகளும் வந்தன. மலிவு விலை பிளேயர்கள் பலவற்றில், வட்டுத் தட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் ரகசியப் பட்டியல் ஒன்று திரையில் வரும். அதில் பகுதி எண்ணை மாற்றலாம். பூட்டையே நீக்கவும் செய்யலாம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘மல்டி ரீஜன்’ பிளேயர்கள் கடைகளில் வெளிப்படையாகவே விற்றன.

ஸ்டுடியோக்கள் 2000ஆம் ஆண்டில் பதிலடி கொடுத்தன. எந்தப் பகுதி வட்டையும் ஏற்கும் பிளேயரைக் கண்டுபிடிக்கும் சிறு நிரல் ஒன்றை வட்டுகளில் சேர்த்தன. அத்தகைய பிளேயர் சிக்கினால், உலக வரைபடமும் ‘உங்கள் பிளேயர் மாற்றியமைக்கப்பட்டிருக்கலாம்’ என்ற வகையிலான அறிவிப்பும் திரையில் வரும், படம் வராது. பூட்டை ஒரேயடியாக நீக்காமல் பிளேயரை 1ஆம் பகுதிக்கு மாற்றிவைத்தவர்களிடம் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

சட்டத்தின் பக்கம் இன்னும் சுவாரசியமானது. 1999இல் சிஎஸ்எஸ் மறையாக்கத்தை உடைக்கும் மென்பொருளை வெளியிட்டதற்காக நார்வே இளைஞர் யோன் யோஹான்சன் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு விடுதலை உறுதியானது. காசு கொடுத்து வாங்கிய வட்டைப் பார்க்க உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆஸ்திரேலியா 2006இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதற்கான பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தெளிவாக விலக்கு அளித்தது. நியூசிலாந்தும் 2008இல் அதே வழியில் சென்றது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு வேறு, வாங்கியதைப் பார்க்கவிடாத பூட்டு வேறு என்று இந்த இரண்டு நாடுகளும் பிரித்துப் பார்த்தன.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, வெளிநாட்டுப் படைப்பின் ஒரு பிரதியைச் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் கொண்டுவருவதை அனுமதிக்கிறது. ஆக, டொரன்டோவில் வாங்கிய வட்டைப் பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுவருவதில் குற்றமில்லை. சட்டம் விடும் வட்டைப் பூட்டு விடுவதில்லை.

2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ‘மீறும் நோக்கம்’ என்ற நிபந்தனை இருப்பதால், சொந்த வட்டை வீட்டில் பார்ப்பவர் இதற்குள் வரமாட்டார் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால், ஆஸ்திரேலியச் சட்டத்தில் உள்ளதுபோல் பகுதிப் பூட்டைப் பெயர் சொல்லி விலக்கும் வரி இதில் இல்லை. வெளிநாட்டில் சட்டப்படி விற்ற பிரதிகளைத் தடையின்றி இறக்குமதி செய்ய வழிசெய்யும் விதி 2010 மசோதாவில் இருந்தது. சட்டம் நிறைவேறும்போது அது கைவிடப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2004இல் திருட்டு வீடியோ தொழிலில் ஈடுபடுவோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அவ்வளவு கடுமை காட்டியும் திருட்டு விசிடி, திருட்டு டிவிடி வியாபாரம் பல ஆண்டுகள் நடந்தது. அந்த வட்டுகள் எந்த நாட்டு பிளேயரிலும் ஓடின. அவற்றை அச்சிட்டவர் பகுதி எண்ணைக் கழற்றிவிட்டே விற்றார். பூட்டில் மாட்டிக்கொண்டவர் முழு விலை கொடுத்து அசல் வட்டு வாங்கியவர்.

புளூ-ரேயில் மூன்று, 4கேயில் ஒன்றுமில்லை

2006இல் வந்த புளூ-ரே வட்டில் எட்டுப் பகுதிகள் மூன்றாகச் சுருங்கின. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ‘ஏ’ பகுதி. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆஸ்திரேலியா ‘பி’ பகுதி. இந்தியா, சீனா, ரஷ்யா ‘சி’ பகுதி.

இதன் விளைவுக்கு சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் நேர்ந்த தீ விபத்தில் கருகின. எஞ்சியவற்றை இத்தாலியின் பொலோன்யா நகரில் பல மாதங்கள் பாடுபட்டுச் சீராக்கினார்கள். அந்தச் சீராக்கப்பட்ட பதிப்பை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015இல் ‘ஏ’ பகுதிக்கான புளூ-ரேயாக வெளியிட்டது. வங்காளத்துக் கிராமத்தில் தொடங்கும் இந்தப் படங்களின் அந்தப் பதிப்பை, கொல்கத்தாவில் வாங்கிய ‘சி’ பகுதி பிளேயர் ஏற்காது. சினிமா மாணவர்களும் திரைப்படச் சங்கங்களும் படும் சிரமம் இதிலிருந்தே விளங்கும்.

2016இல் 4கே புளூ-ரே வட்டு வந்தபோது பகுதிக் குறியீடு கைவிடப்பட்டது. நியூயார்க்கில் வாங்கிய 4கே வட்டு மதுரையிலும் ஓடும். எல்லாவற்றிலும் விலை உயர்ந்த வட்டைப் பூட்டில்லாமல் விற்க முடிகிறது என்றால், பூட்டு இல்லாவிட்டால் தொழிலே அழியும் என்ற பழைய வாதத்துக்கு அடித்தளம் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 4கே பெட்டிக்குள் கூடுதலாக வைக்கப்படும் சாதாரண புளூ-ரே வட்டில் பூட்டு இருக்கலாம்.

வட்டு போனாலும் வேலி இருக்கிறது

வட்டே வேண்டாம், ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கும் இதே வேலி இருக்கிறது. அங்கே பகுதி எண்ணின் வேலையைப் பார்ப்பது இணைய முகவரி. ஒரு நாட்டில் கிடைக்கும் படம் அடுத்த நாட்டில் பட்டியலிலேயே தெரியாது. வட்டாவது, பொருத்தமான பிளேயர் கிடைத்தால் ஓடும். ஓடிடியில் உரிம ஒப்பந்தம் முடிந்த நாளில் படமே மறைந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் முதல் ஒரு மாற்றம் செய்தது. ஓர் உறுப்பு நாட்டில் சந்தா கட்டியவர், வேறு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகச் செல்லும்போதும் அதே படங்களைப் பார்க்கலாம். இருந்தாலும், அதே ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புவித்தடைக்கு எதிரான பொது விதியிலிருந்து திரைப்படச் சேவைகள் விலக்கப்பட்டன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் படத்தை விற்கும் நிறுவனம், வாங்குபவருக்குக் கிடைப்பது பார்க்கும் உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது.

செய்ய வேண்டியவை

வட்டு வாங்குவோர் முதலில் பின்னட்டையைப் பார்க்க வேண்டும். பூமிப் பந்தில் உள்ள பகுதி எண், பேல் அல்லது என்டிஎஸ்சி என்ற குறிப்பு ஆகிய இரண்டும் பொருந்த வேண்டும். வெளிநாட்டு உறவினருக்குப் பரிசளிப்பதாக இருந்தால், எல்லாப் பகுதிகளுக்குமான என்டிஎஸ்சி வட்டே பாதுகாப்பானது.

வெளிநாட்டு வட்டுகள் நிறைய வைத்திருப்போர் மல்டி ரீஜன் பிளேயர் ஒன்றை இப்போதே வாங்கிவைப்பது நல்லது. புளூ-ரே பிளேயரைப் பொறுத்தவரை, டிவிடிக்கான பூட்டும் புளூ-ரேக்கான பூட்டும் தனித்தனி. இரண்டும் நீக்கப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து பிளேயர் கொண்டுவருவோர் 110 வோல்ட்டா, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் வகையா என்று பின்பக்க முத்திரையைப் பார்த்த பிறகே மின்சாரத்தில் இணைக்க வேண்டும். கணினியில் பார்ப்போர் ஐந்து மாற்றங்களை வீணாக்காமல், வெளிநாட்டு வட்டுகளுக்கென்று விலை குறைந்த டிரைவ் ஒன்றைத் தனியே ஒதுக்கிவிடலாம்.

மத்திய அரசு 65ஏ பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும். சட்டப்படி வாங்கிய வட்டைச் சொந்த உபயோகத்துக்காகப் பார்க்கும் பொருட்டுப் பகுதிப் பூட்டை நீக்குவது குற்றமாகாது என்ற ஒரு வரி போதும். மல்டி ரீஜன் பிளேயர் விற்போருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளைப் பற்றி அறியும் உரிமையை அளிக்கிறது. பகுதி எண்ணும் ஒளிபரப்பு முறையும் இணையக் கடைகளின் பட்டியலில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கட்டாயமாக்கப்பட வேண்டும். டிஜிட்டல் படங்களுக்கு, கலிஃபோர்னியா பாணியில், கிடைப்பது உரிமமா உடைமையா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய பொது நூலகங்களிலும் திரைப்படக் கல்லூரிகளிலும், எல்லாப் பகுதி வட்டுகளையும் இரண்டு ஒளிபரப்பு முறைகளையும் ஏற்கும் பார்வையிடும் கருவி ஒன்றாவது இருக்க வேண்டும். பிளேயர் உற்பத்தி குறைந்துவருவதால் இந்தக் கொள்முதலைத் தள்ளிப்போடக் கூடாது.

பட நிறுவனங்கள் பழைய படங்களை மறுவெளியீடு செய்யும்போது பூட்டில்லாமல் அச்சிடலாம். அவற்றுக்கு இதனால் கூடுதல் செலவில்லை. வட்டின் ஒரு பைட்டில் எட்டுப் பிட்டுகளையும் 0 ஆக்கினால் போதும்.